ஏடிஎச்டியோடு கற்றல் குறைபாடும் உள்ள பிள்ளை: இதே பள்ளியா, வேறு பள்ளியா, சிறப்பு மையமா, என்ஐஓஎஸ்ஸா?

பெற்றோர் கூட்டத்தில் "உங்க பையனுக்கு இந்த ஸ்கூல் செட் ஆகாது" என்று சொல்லக் கேட்ட பிறகுதான் பல வீடுகளில் இந்தத் தேடல் தொடங்குகிறது. ஏடிஎச்டி, அதாவது கவனம் ஒரு இடத்தில் நிற்காத, துறுதுறுப்பு அடங்காத நிலை, என்று டாக்டர் சொல்லியிருப்பார். டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, என்று அசெஸ்மென்ட் அறிக்கை சொல்லியிருக்கும். அடுத்து என்ன என்று கேட்டால் நாலு பேர் நாலு வழி சொல்வார்கள். இதே பள்ளியில் தேர்வுக்குக் கூடுதல் நேரம் போன்ற சலுகை கேளுங்கள் என்பார் ஒருவர். ரிசோர்ஸ் ரூம் (சிறப்புப் பயிற்றுநர் தனியாகச் சொல்லித்தரும் அறை) உள்ள பள்ளிக்கு மாற்றுங்கள், சிறப்பு மையத்தில் ஒரு வருடம் விடுங்கள், என்ஐஓஎஸ் என்ற திறந்தநிலைப் பள்ளித் தேர்வை எழுத வையுங்கள் என்று மற்றவர்கள். நாலுமே சில பிள்ளைகளுக்குச் சரி, சில பிள்ளைகளுக்குத் தப்பு. மூன்றாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைகளை வைத்து, தமிழ்நாட்டு நிலவரத்தில் இந்த நாலையும் இங்கே எடைபோடுகிறோம்.

## எதை வைத்து அளப்பது

கற்பித்தல் வேறு, சலுகை வேறு. பெரும்பாலான தவறான முடிவுகள் இரண்டையும் ஒன்றாக நினைப்பதால்தான் வருகின்றன. பரீட்சையில் ஒரு மணி நேரம் கூடக் கொடுத்தால் பிள்ளைக்கு வாசிப்பு வந்துவிடாது. வாசிப்புப் பயிற்சி எவ்வளவு நன்றாக நடந்தாலும், பத்தாம் வகுப்பில் எழுத்து வேகம் மற்றவர்களுக்கு இணையாக வரும் என்று உறுதி சொல்ல முடியாது. எந்தப் பள்ளியாக இருந்தாலும் இரண்டும் கிடைக்கிறதா என்று தனித்தனியாகக் கேளுங்கள்.

வாசிப்பை யார் கற்றுத்தருகிறார், வாரத்தில் எத்தனை முறை? ஒலியிலிருந்து எழுத்துக்கு, எழுத்திலிருந்து சொல்லுக்கு என்று வரிசையாகப் போகும் பயிற்சி தேவை. வாரம் மூன்று நாளாவது, 40 நிமிடமாவது, தனியாகவோ மூன்று பேருக்கு மிகாத குழுவிலோ நடக்க வேண்டும். வாரம் ஒரு வகுப்பு என்றால் போன வாரம் படித்ததை நினைவுபடுத்தவே நேரம் போய்விடும். நடத்துபவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம், பதிவு உள்ளவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

வகுப்பறையில் தினமும் என்ன மாறும்? தலைமையாசிரியர் சொல்லும் "பாத்துக்கறோம்" இதற்குப் பதில் ஆகாது. கணக்கு மிஸ் நாளை காலை எதை வேறு மாதிரி செய்வார் என்பதுதான் கேள்வி.

பொதுத்தேர்வுச் சலுகைக்குக் காகிதம் இருக்கிறதா? இதற்குக் கீழே தனிப் பகுதி இருக்கிறது.

பிள்ளையின் நாள் எப்படி இருக்கும்? விளையாட்டு, தூக்கம், கூடப் படிக்கும் இரண்டு மூன்று சிநேகிதர்கள். ஏடிஎச்டி பிள்ளைக்கு ஓடியாடும் நேரம் மருந்து மாதிரி. அதை வெட்டி டியூஷன் வைப்பது நஷ்டக் கணக்கு.

மொத்தச் செலவு என்ன? கட்டணத்தை மட்டும் பார்க்க வேண்டாம். ரெமிடியல் வகுப்புக்கு, அதாவது மேலே சொன்ன தனி வாசிப்புப் பயிற்சிக்கு, ஒரு அமர்வின் கட்டணத்தை வாரத்துக்கு 3, வருடத்துக்கு 40 வாரம் என்று பெருக்குங்கள், 120 அமர்வு வரும். அதோடு ஆட்டோ செலவு, மறு அசெஸ்மென்ட், அம்மாவோ அப்பாவோ வேலையில் குறைக்க வேண்டிய நேரம் எல்லாம் சேரும்.

திரும்பி வர வழி இருக்கிறதா? இரண்டு வருடம் கழித்து இந்த முடிவை மாற்ற நினைத்தால் என்ன ஆகும்?

## சான்றிதழ்: எந்த வழியில் போனாலும் முதலில் இது

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பட்டியலிடும் 21 குறைபாடுகளில் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு உண்டு. டிஸ்லெக்சியா, டிஸ்கிராஃபியா (எழுதுவதில் குறைபாடு), டிஸ்கால்குலியா (கணக்கில் குறைபாடு) அதில் அடங்கும். ஏடிஎச்டி அந்தப் பட்டியலில் தனியாக இல்லை. இரண்டும் உள்ள பிள்ளைக்கு பொதுத்தேர்வுச் சலுகை வந்து சேருவது பெரும்பாலும் கற்றல் குறைபாட்டுச் சான்றிதழ் வழியாகத்தான். கையில் ஏடிஎச்டி என்ற டாக்டர் கடிதம் மட்டும் இருந்தால் வகுப்பறை ஏற்பாடுகளுக்கு உதவும். தேர்வு வாரியத்தில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

தனியார் உளவியலாளர் தரும் அறிக்கை பயிற்சிக்கான வரைபடம்தான், அது சான்றிதழ் ஆகாது. சான்றிதழ் தருவது அதற்கென அறிவிக்கப்பட்ட அரசு மருத்துவமனை. முதலில் கண், காது பரிசோதனை. பிறகு நுண்ணறிவுச் சோதனை. அதன்பின் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் உருவாக்கிய கற்றல் குறைபாட்டுச் சோதனைத் தொகுப்பு. 2018 ஜனவரி வழிகாட்டுதல்கள்படி சான்றிதழ் 8 வயதுக்கு மேல்தான், 14 வயதிலும் 18 வயதிலும் மறுபடி எடுக்க வேண்டும். 2024-இல் விதிகள் திருத்தப்பட்டதால், போகும் மருத்துவமனையில் இப்போதைய நடைமுறையைக் கேட்டுக்கொள்ளுங்கள். 14 வயது என்பது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடினால் தேதி கிடைக்காது. எட்டாம் வகுப்பு முடியும்போதே விண்ணப்பித்துவிடுங்கள், கூடவே மாற்றுத்திறனாளிகளுக்கான யுடிஐடி அடையாள அட்டைக்கும்.

இன்னொரு விஷயம் யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. அதே 2018 வழிகாட்டுதல்களின்படி நுண்ணறிவு எண் 85-க்கு மேல் இருந்தால்தான் கற்றல் குறைபாட்டுச் சோதனைக்கே போவார்கள். 70-க்கும் 85-க்கும் இடையில் வரும் பிள்ளை அறிவுசார் குறைபாட்டிலும் சேராது, கற்றல் குறைபாட்டிலும் சேராது. பள்ளியில் மிக அதிகமாகத் தவிப்பது இந்தப் பிள்ளைகள்தான், சட்டம் கண்ணெடுத்துப் பார்க்காததும் இவர்களைத்தான். அவர்களுக்கு என்ன வழி என்பதை என்ஐஓஎஸ் பகுதியில் சொல்கிறோம்.

"தமிழ் நல்லாத்தான் படிக்கிறான், இங்கிலீஷ்தான் வரல, அதனால டிஸ்லெக்சியா இருக்காது" என்று நினைப்பவர்கள் ஒன்று செய்து பார்க்கலாம். தமிழில் எழுத்தைக் கூட்டினால் ஏறக்குறைய சொல் வந்துவிடும். அதனால் தமிழில் டிஸ்லெக்சியா தப்பாக வாசிப்பதில் அவ்வளவாகத் தெரியாது, மெதுவாக வாசிப்பதில்தான் தெரியும். நான்காம் வகுப்புப் பிள்ளையிடம் மூன்றாம் வகுப்புப் பாடத்தில் ஒரு பத்தியைக் கொடுத்து, ஒரு நிமிடத்தில் எத்தனை சொல் சரியாக வாசிக்கிறது என்று எண்ணுங்கள். அதே வகுப்பில் சாதாரணமாகப் படிக்கும் இரண்டு பிள்ளைகளையும் அதே பத்தியை வாசிக்கச் சொல்லுங்கள். 'கொ', 'கோ' போன்ற எழுத்துகளில் கொம்பைப் பார்த்து, எழுத்தைப் பார்த்து, காலைப் பார்த்து ஒவ்வொரு முறையும் நின்று நின்று போனால், மற்றவர்கள் வாசித்ததில் பாதிகூட வராவிட்டால், அசெஸ்மென்ட்டைத் தள்ளிப்போட வேண்டாம்.

## வழி 1: இதே பள்ளி, எழுத்தில் ஏற்பாடுகளோடு

பிள்ளைக்குச் சிநேகிதர்கள் இருக்கிறார்கள், வீடு பக்கம், புரிந்துகொள்ளும் வகுப்பாசிரியர் ஒருவராவது இருக்கிறார் என்றால் முதலில் முயல வேண்டியது இதைத்தான்.

2016 சட்டத்தின் 16, 17 பிரிவுகள் அரசுப் பள்ளிக்கும், அரசு நிதியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிக்கும் பொருந்தும். பாடத்திலும் தேர்விலும் தகுந்த மாற்றம், கூடுதல் நேரம், எழுதுபவர், இரண்டாம் மூன்றாம் மொழி விலக்கு எல்லாம் அதிலேயே சொல்லப்பட்டிருக்கின்றன. ஆனால் பள்ளியில் சட்டப் புத்தகத்தை நீட்டுவதைவிட ஒரே ஒரு பக்கத் தாளை நீட்டினால் வேலை நடக்கும். அந்தப் பக்கத்தில் எழுத வேண்டியவை:

- முதல் அல்லது இரண்டாம் வரிசையில், ஜன்னலும் கதவும் பக்கத்தில் இல்லாத இடம். பக்கத்தில் அமைதியான பிள்ளை.
- கரும்பலகையைப் பார்த்து எழுதுவதற்குப் பதில் அச்சிட்ட குறிப்பு, அல்லது சக மாணவரின் நோட்டின் நகல்.
- இருபது கணக்குக்குப் பதில் அதே வகையில் எட்டு. எட்டும் முழுதாக முடிக்க வேண்டும்.
- ஒரு நேரத்தில் ஒரு கட்டளை. "நோட்டை எடு" சொல்லி, எடுத்த பிறகு "தேதி போடு".
- அறிவியலிலும் சமூக அறிவியலிலும் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைக்காதிருத்தல்.
- வகுப்பில் சத்தமாக வாசிக்கச் சொல்லி எழுப்பாதிருத்தல்.
- நடுவில் எழுந்து நடக்க ஒரு வேலை: நோட்டு அடுக்குவது, பலகை துடைப்பது.
- வகுப்புத் தேர்வில் வினாத்தாளை ஒருவர் வாசித்துக் காட்டுதல், மூன்றில் ஒரு பங்கு கூடுதல் நேரம்.

கரும்பலகை வரிக்கு முதலிடம் கொடுங்கள். 'திருவள்ளுவர்' என்று பலகையில் இருப்பதை நிமிர்ந்து பார்க்கும் பிள்ளை 'திரு' எழுதிவிட்டு மறுபடி நிமிர்கிறது. எந்த வரியில் விட்டோம் என்று தேடுகிறது. 'வ' எழுதுகிறது, ஒரு 'ள்' எழுதுகிறது, அதற்குள் பின்னால் பென்சில் விழுந்த சத்தத்துக்குத் திரும்புகிறது. மூன்று வரி முடிவதற்குள் மிஸ் பலகையைத் துடைத்துவிடுகிறார். "நோட்டு முடிக்கல" என்று டைரியில் சிவப்பு மையில் வருவதும், இடைவேளையில் உட்கார்ந்து எழுத வைப்பதும் இப்படித்தான் தொடங்குகின்றன. பார்த்து எழுதும் வேலையை எடுத்துவிட்டால் பிள்ளை பாடத்தைக் கேட்கவாவது முடியும்.

இந்த வழியின் பலவீனம் கற்பித்தலில் இருக்கிறது. ஏற்பாடுகள் பள்ளியில் நடக்கும், வாசிப்புப் பயிற்சியை வெளியே தேட வேண்டியிருக்கும். அது பெரும்பாலும் மாலை ஆறு மணிக்கு அமையும், அந்த நேரத்தில் பிள்ளையின் கவனம் அடிமட்டத்தில் இருக்கும். ஏடிஎச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட் என்ற மருந்து சாப்பிடும் பிள்ளை என்றால், குறுகிய நேர மாத்திரையின் வேலை சுமார் நாலு மணி நேரம்தான். காலை எட்டுக்குக் கொடுத்தது மதியச் சாப்பாட்டோடு முடிந்துவிடும். கணக்கு வகுப்பு எத்தனை மணிக்கு, ரெமிடியல் எத்தனை மணிக்கு என்ற கால அட்டவணையை டாக்டரிடம் காட்டுங்கள். நீண்ட நேர மாத்திரை பொருந்துமா, நேரத்தை மாற்றலாமா என்பதை அவர் முடிவு செய்வார். மருந்து பிள்ளையை உட்கார வைக்கும், வாசிக்கக் கற்றுத்தராது. மருந்து தொடங்கியதும் ரெமிடியலை நிறுத்தும் வீடுகள் நிறைய, அது பெரிய இழப்பு. முடிந்தால் பள்ளியிடம் பேசி வாரம் இரண்டு நாள் மூன்றாம் மொழி வகுப்பு நேரத்தில் ரெமிடியல் வைத்துக்கொள்ளுங்கள். சிறப்புப் பயிற்றுநரைப் பள்ளி உள்ளே விடுமா என்பதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு ஒன்பதாம் வகுப்பில் காத்திருக்கிறது. கல்வி உரிமைச் சட்டம், 2009 தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது எட்டாம் வகுப்புவரை, பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றத் தடை போடுகிறது. அதற்குப் பிறகு அந்தப் பாதுகாப்பு இல்லை. எட்டு வருடம் "பரவால்ல, மேல போகட்டும்" என்று தள்ளிவிட்ட பள்ளி, ஒன்பதில் தேர்ச்சி விகிதத்தை நினைத்து டிசி வாங்கச் சொல்வது வழக்கமாக நடக்கிறது. ஏழாம் வகுப்பிலேயே "பத்தாவது இங்கேதான் எழுதுவான், இன்னின்ன சலுகையோடு" என்று பேசி, மின்னஞ்சலில் பதில் வாங்கி வையுங்கள்.

அரசுப் பள்ளிக்கும் இந்த வழி உண்டு, கட்டணம் இல்லை. ஒவ்வொரு ஒன்றியத்திலும் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள், ஒருவரே பல பள்ளிகளுக்குப் போக வேண்டியிருப்பதால் வாரம் மூன்று அமர்வு எட்டாது. அவரிடம் பயிற்சித் தாள்களை வாங்கி, மீதி நாட்களில் வீட்டில் 20 நிமிடம் செய்யும் முறையைக் கேட்டுக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

## வழி 2: ரிசோர்ஸ் ரூம் உள்ள பள்ளிக்கு மாற்றம்

கற்பித்தலும் வகுப்பறை மாற்றமும் ஒரே கூரையின் கீழ் பகல் நேரத்தில் கிடைப்பது இதன் பெரிய பலம். மாலை விளையாட்டுக்கு மிச்சமாகும். இதே பள்ளியில் வகுப்பாசிரியரின் ஒத்துழைப்பு சுத்தமாக இல்லை, பிள்ளை காலையில் வயிற்றுவலி சொல்லத் தொடங்கிவிட்டது என்றால் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் 'இன்க்ளூசிவ்' என்று வாசலில் பலகை இருப்பது போதாது. பார்க்கப் போகும்போது ரிசோர்ஸ் ரூமைப் பள்ளி நேரத்தில் காட்டச் சொல்லுங்கள். உள்ளே பிள்ளைகள் வாசித்துக்கொண்டிருக்கிறார்களா, வீட்டுப்பாடத்தை முடித்துக்கொண்டிருக்கிறார்களா என்று கவனியுங்கள். வீட்டுப்பாடம் என்றால் அது டியூஷன். ஒரு சிறப்புப் பயிற்றுநருக்கு எத்தனை பிள்ளைகள், எந்தப் பாட வேளையில் பிள்ளையை எடுப்பார்கள் என்றும் கேளுங்கள். விளையாட்டு வேளையிலும் ஓவிய வேளையிலும் எடுக்கும் பள்ளி, பிள்ளைக்குப் பிடித்ததைப் பறித்துப் பிடிக்காததைக் கொடுக்கிறது. போன வருடம் பத்தாம் வகுப்பில் எத்தனை பேர் சலுகையோடு எழுதினார்கள் என்ற கேள்விக்கு வரும் பதிலிலேயே அனுபவம் தெரிந்துவிடும்.

மறைமுகச் செலவுகள்: ரிசோர்ஸ் ரூமுக்குத் தனிக் கட்டணம், சில இடங்களில் வகுப்பில் பிள்ளையோடு கூடவே இருக்கும் ஷேடோ டீச்சரின் சம்பளமும் பெற்றோர் தலையில், தினம் ஒன்றரை மணி நேரப் பேருந்துப் பயணம். சென்னை, கோவை போன்ற ஊர்களுக்கு வெளியே இப்படிப் பள்ளி கிடைப்பதே கஷ்டம்.

போர்டும் சேர்ந்து மாறுகிறதா என்று பாருங்கள். சிபிஎஸ்இ-யில் மூன்று மணி நேரத் தேர்வுக்கு ஒரு மணி நேரம் கூடுதல். பத்தாம் வகுப்பில் இரண்டு மொழிக்குப் பதில் ஒரு மொழி எடுத்து, மற்ற நாலு பாடங்களை ஓவியம், இசை, மனையியல் உள்ளிட்ட பட்டியலிலிருந்து எடுக்கலாம். மாநிலப் பாடத்திட்டத்தில் ஒரு மொழி விலக்கு, கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர் ஆகியவற்றுக்குத் தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். கணக்கைக் கைவிடும் வசதி கண்ணைக் கவரும். ஆனால் பத்தில் கணக்கு இல்லையென்றால் ப்ளஸ் ஒன்னில் கணக்கு சார்ந்த குரூப்புகள் கைவிட்டுப் போகும். டிஸ்கால்குலியா உறுதியாக இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

## வழி 3: ஓரிரு வருடம் முழுநேரச் சிறப்பு மையம்

பிள்ளையை வழக்கமான பள்ளியிலிருந்து எடுத்து, வாசிப்பு, எழுத்து, கணக்கின் அடித்தளத்தை முழுநேரமும் கட்டி, பிறகு திருப்பி அனுப்பும் முறை இது. மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் சென்னையில் நடத்தும் அனன்யா மையம் இந்த வகை. கற்பித்தல் என்ற அளவுகோலில் இதை மற்ற மூன்று வழிகளும் நெருங்க முடியாது.

வயதுதான் தீர்மானிக்கும். மூன்றிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் போனால் விட்டுப்போகும் பாடம் கொஞ்சம், வாசிப்பு வந்ததும் பிடித்துவிடலாம். ஏழாம் வகுப்பில் போனால் அல்ஜீப்ராவும் அறிவியலும் சேர்ந்து விட்டுப்போகும், திரும்பியதும் அந்தச் சுமை புதிய பிரச்சினையாக நிற்கும். ஐந்தாம் வகுப்பில் இருந்துகொண்டு இரண்டாம் வகுப்பு அளவில்கூட வாசிக்க முடியாத பிள்ளைக்கு, மாலை ரெமிடியல் ஒரு வருடம் செய்தும் அசையாத பிள்ளைக்கு, இதுவே முதல் தேர்வாக வேண்டும் என்பது எங்கள் கருத்து.

இங்கே நழுவுவது திரும்பும் வழி. பழைய பள்ளி மறுபடி சேர்த்துக்கொள்ளுமா, எந்த வகுப்பில் சேர்த்துக்கொள்ளும் என்பதைக் கிளம்பும் முன் எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தை தலைமையாசிரியர் மாறினால் போய்விடும். திரும்பிய பிறகு முதல் ஆறு மாதம் வாரம் இரண்டு ரெமிடியலும், வழி 1-இல் சொன்ன ஒரு பக்கத் தாளும் தொடர வேண்டும். வாசிப்பு முன்னேறினாலும் ஏடிஎச்டி கூடவே திரும்பி வருகிறது. அதை மறந்து எல்லாவற்றையும் நிறுத்துவதால்தான் பலருக்கு அடுத்த அரையாண்டிலேயே சறுக்குகிறது.

## வழி 4: என்ஐஓஎஸ்

தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தில் பத்தாம் வகுப்புக்குக் குறைந்தபட்ச வயது 14. ஐந்து பாடம் போதும், அதில் ஒரு மொழியாவது இருக்க வேண்டும். தேர்ச்சி 33 சதவீதம். பொதுத்தேர்வு வருடம் இருமுறை. ஐந்து வருடத்துக்குள் ஒன்பது வாய்ப்பு, தேர்ச்சி பெற்ற பாடம் கணக்கில் நிற்கும். ஏடிஎச்டி பிள்ளைக்கு இதில் உண்மையான வரம் ஒரு தடவைக்கு இரண்டு பாடம் மட்டும் எழுதலாம் என்பது. நுண்ணறிவு எண் 70–85 என்பதால் சான்றிதழ் கிடைக்காத பிள்ளைகளுக்கும் இது நல்ல வழி, ஏனென்றால் சலுகை கேட்காமலேயே சுமை குறைகிறது.

ஆனால் தானாகத் திட்டமிட்டு, நேரத்துக்கு உட்கார்ந்து, பயிற்சித் தாள்களைத் தேதிக்குள் முடிக்கும் வேலையை இது பிள்ளையின் தலையில் வைக்கிறது. ஏடிஎச்டியில் மிகவும் பலவீனமான இடம் அதுதான். புத்தகத்தை வாங்கிக் கொடுத்து வீட்டில் உட்கார வைத்தால் மார்ச்சில் முதல் பாடம்கூட முடிந்திருக்காது. தினம் மூன்று நாலு மணி நேரம் ஆட்கள் சொல்லித்தரும் படிப்பு மையம், வாரத்தில் சில நாள் விளையாட்டு அல்லது நீச்சல் குழு, வீட்டில் ஒரு பெரியவர் பார்க்கும் வாராந்திர அட்டவணை, மூன்றும் வேண்டும். அந்தப் படிப்பு மையத்தின் கட்டணம் என்ஐஓஎஸ் கட்டணத்தைவிடப் பல மடங்கு ஆகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தமிழ்நாட்டு அரசு வேலைக்கு இந்தச் சான்றிதழை ஏற்பதில் சிக்கல்கள் எழுந்திருக்கின்றன. பிள்ளையை அந்தப் பக்கம் அனுப்பும் எண்ணம் இருந்தால் சேரும் முன் அன்றைய அரசாணையைப் பாருங்கள். ப்ளஸ் ஒன்னுக்கு வழக்கமான பள்ளிக்குத் திரும்ப நினைப்பவர்கள், சேர்க்க நினைக்கும் பள்ளியிடம் ஒன்பதாம் வகுப்பிலேயே பேசிவிடுங்கள்.

ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளையை "எப்படியும் என்ஐஓஎஸ்தான்" என்று இப்போதே வீட்டில் வைப்பது வேண்டாம். 14 வயதுவரை வாசிப்பைக் கட்ட நேரம் இருக்கிறது.

## பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | இதே பள்ளி | ரிசோர்ஸ் ரூம் பள்ளி | முழுநேர மையம் | என்ஐஓஎஸ் |
|---|---|---|---|---|
| வாசிப்புப் பயிற்சி | வெளியே தேட வேண்டும் | பகலில், உள்ளேயே | மிக வலுவானது | மையத்தைப் பொறுத்தது |
| சான்றிதழ் இல்லாவிட்டால் | பத்தாவதில் சிக்கல் | பத்தாவதில் சிக்கல் | திரும்பிய பின் சிக்கல் | ஓரளவு சமாளிக்கலாம் |
| சிநேகிதர்கள் | அப்படியே | புதிதாக | தற்காலிகப் பிரிவு | தனிமை ஆபத்து |
| பெற்றோர் நேரம் | மாலைகள் | பயணம் | பயணம், சில வேளை ஊர் மாற்றம் | தினமும் மேற்பார்வை |
| பொருந்தும் வகுப்பு | எதுவும் | 3 முதல் 8 | 3 முதல் 5 | 9, 10 |

## தேர்ந்தெடுத்த பிறகு

எந்த வழியானாலும் ஒரு நோட்டு போடுங்கள். வெள்ளிக்கிழமைதோறும் ஒரே கடினத்தில் புதிய பத்தி ஒன்றை ஒரு நிமிடம் வாசிக்கச் சொல்லி, சரியாக வாசித்த சொற்களின் எண்ணிக்கையைத் தேதியோடு எழுதுங்கள். ஒரு வாரம் குறையும், ஒரு வாரம் கூடும், அதைப் பார்த்துப் பதற வேண்டாம். பத்து வாரத்தில் மொத்தமாக மேலே போகவில்லை என்றால், பள்ளியை மாற்றும் முன் பயிற்சி முறையையோ அமர்வுகளின் எண்ணிக்கையையோ மாற்றச் சொல்லுங்கள். அதற்கடுத்த பத்து வாரமும் அசையாவிட்டால் அடுத்த வழியைப் பார்க்கலாம்.

தேர்வு நாளுக்கு அனுமதிக் கடிதத்தின் மூன்று நகல் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று பிள்ளையின் கையில், ஒன்று உங்களிடம், ஒன்று முதல் நாளே தேர்வு மையக் கண்காணிப்பாளரிடம். டிஸ்கிராஃபியா உள்ள மாணவி ஒருவருக்கு 2021 நீட் தேர்வில் மையத்திலேயே கூடுதல் ஒரு மணி நேரம் மறுக்கப்பட்டது. அது தவறு என்று அதே வருடம் நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, ஆனால் மறுதேர்வு கிடைக்கவில்லை. அறையில் இருக்கும் கண்காணிப்பாளருக்குச் சலுகை பற்றித் தெரிந்திருக்கும் என்று நம்பிப் போகாமல், முதல் நாள் மாலையே மையத்துக்குப் போய், கூடுதல் நேரத்தில் யார் உடன் இருப்பார், எந்த அறை என்று கேட்டு வாருங்கள்.